ஆறு மாச சர்டிபிகேட்டும் ஒரு முதுகெலும்பும்

+2 ரிசல்ட் வந்த அடுத்த வாரமே சொந்தக்கார வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும். "தம்பிக்கு மெடிக்கல் கிடைக்கிற மாதிரி தெரியல, பிசியோதெரபி போடலாமா? ஆறு மாசத்துலயே சர்டிபிகேட் தர்றாங்களாமே, அது போதுமா?" இன்ஜினியரிங் படிக்கிற நம்மகிட்ட ஏன் கேட்கிறாங்கன்னு யோசிக்காதீங்க. வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போனவருக்கு எல்லா கோர்ஸைப் பற்றியும் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் பதில் தெரிந்திருப்பது நல்லது. என் பதில்: போதாது.

பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு வழி பி.பி.டி. என்கிற பட்டம்தான். +2-வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது நாலு வருஷப் படிப்பு, பிறகு ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று நடந்து வந்தது. 2025-ல் வந்த தேசியப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்து வருஷம் என்கிறது. மேற்கொண்டு எம்.பி.டி. இரண்டு வருஷம், எலும்பு மூட்டு, நரம்பு, இதயம்-நுரையீரல், விளையாட்டு என ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

மறுவாழ்வுத் துறை என்றால் பிசியோ மட்டும் கிடையாது. பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி சட்டை பட்டன் போடவும் சோறு பிசையவும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. செயற்கைக் கால், காலிபர் செய்ய பி.பி.ஓ. பேச்சுக்கும் கேட்டலுக்கும் தனிப் பட்டம் உண்டு. கடைசி இரண்டையும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பார்த்துக்கொள்கிறது. பிசியோவில் சேர்ந்தே ஆகணும் என்று நினைக்கும் தம்பி தங்கச்சிகளில் பாதிப் பேர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதே இல்லை.

இனி அந்த ஆறு மாசத்துக்கு வருவோம். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை சுகாதாரத் தொழில்வல்லுநர் சட்டம், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களுக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது. நமக்குப் பிடித்த மாதிரி கணக்குப் போடுவோம். தினம் 6 மணி நேரம், வாரம் 6 நாள், 26 வாரம்: மொத்தம் 936. ஒரு நாள்கூட லீவு விடாமல் நடத்தினாலும் கால்வாசியைத்தான் தாண்டும்.

மீதி நேரத்தில் என்னதான் சொல்லித் தர்றாங்க? எப்போது கை வைக்கக் கூடாது என்பதை. முதுகுவலி என்று வருபவருக்குத் தொடையிடுக்கு மரத்துப்போய், சிறுநீரும் கட்டுப்பாட்டில் இல்லை என்றால், அவருக்கு வேண்டியது எக்சர்சைஸ் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது என்றால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். அதை மசாஜ் செய்வது உயிருக்கே ஆபத்து. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு கெடும். எக்சர்சைஸ் வீடியோ யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வருஷங்கள் வேண்டும்.

சர்டிபிகேட் என்றாலே வேஸ்ட் என்று சொல்லவில்லை. பி.பி.டி. முடித்தவர் டேப்பிங், மேனுவல் தெரபி என்று கூடுதலாகக் கற்பது நல்லதுதான். தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில் உதவியாளராக வேலை பார்ப்பதும் மரியாதையான வேலை. உதவியாளர் கோர்ஸை 'நீங்களே கிளினிக் வைக்கலாம்' என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் பிரச்சினை.

"இவ்ளோ வருஷம் படிச்சிட்டு ஆரம்ப சம்பளம் கம்மிதானே?" நியாயமான கேள்வி. தனியார் கிளினிக் பலவற்றில் நிலைமை அப்படித்தான். அதற்குச் சம்பளத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கணும், படிப்பைச் சுருக்கக் கூடாது. அடுத்த தெருவில் சர்டிபிகேட்டை மாட்டிப் பாதி ரேட்டில் ஒருத்தர் உட்கார்ந்தால், படித்தவரின் சம்பளமும் இறங்கும், நோயாளியின் முதுகும் போகும். தேவை இல்லாத துறையும் இல்லை இது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே போகிறது.

நமக்கும் இதில் இடம் இருக்கிறது. எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' வீல்சேர், 'கதம்' செயற்கை முழங்கால் எல்லாம் சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்தவை. கை இயக்கத்துக்குப் பயிற்சி தரும் 'புளூட்டோ' ரோபோவை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கின. இன்ஜினியர் இன்ஜினியராகவே இருந்து, தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்து செய்த வேலைகள் இவை. நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் ஆர்டுயினோ வைத்துச் செய்யும் 'பக்கவாதக் கையுறை'களில் எத்தனை, ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு நோயாளியின் கையையாவது தொட்டிருக்கின்றன?

கடைசியாக, ஃபீஸ் கட்டும் முன் அந்தத் தம்பியை மூணே கேள்வி கேட்கச் சொல்லுங்க. பட்டத்தைத் தரும் பல்கலைக்கழகம் எது? இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில்? முடித்தபின் எந்தக் கவுன்சிலில் பதிவு செய்யலாம்? மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில், பிராஸ்பெக்டஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.