முதலாம் இலக்கத்திலிருந்து மீண்டும்

சுப்பர்மேன் 1938ஆம் ஆண்டு பிறந்தவன். பேட்மேன் அதற்கு அடுத்த ஆண்டு வந்தான். ஸ்பைடர்மேன் 1962இல் பதின்ம வயது மாணவனாக அறிமுகமானான். கணக்குப் பார்த்தால் முதலிருவரும் இன்று நூறு வயதைக் கடந்த கிழவர்களாகவும், மூன்றாமவன் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பாட்டனாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் அவர்களது சஞ்சிகைகளிலோ மூவரும் இன்னமும் கூரைக்குக் கூரை பாய்ந்துகொண்டிருக்கிறார்கள். வாசகனுக்கு வயது ஏறுகிறது, நாயகனுக்கு ஏறுவதில்லை.

இந்த இடைவெளியைச் சமாளிக்க அமெரிக்கப் பதிப்பாளர்கள் கைக்கொண்ட உபாயமே மீள்தொடக்கம். உறைந்துபோன கணினியை அணைத்துவிட்டு மறுபடி இயக்குவதுபோல் என்பதால் அதனை 'ரீபூட்' என்கிறார்கள். அதுவரை நடந்தவை நடக்கவில்லை என்று ஆகிவிடும். நாயகன் மீண்டும் இளைஞனாவான். சஞ்சிகையின் அட்டையில் மீண்டும் 'இலக்கம் 1' என்று அச்சாகும்.

இந்த உபாயம் நாயகர்களை வாழவைத்ததா, தேய்த்ததா என்பது சித்திரக்கதை வாசகர் மத்தியில் ஓயாத சர்ச்சை. தொடக்கத்தில் அது வாழவைத்தது. வாடிக்கையான பின்னர் தேய்க்கத் தொடங்கியது என்பதே எனது கருத்து.

தொடக்கத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் சாகச நாயகர்களுக்கு மவுசு குறைந்திருந்தது. 1956இல் டி.சி. நிறுவனம் 'ஃபிளாஷ்' என்ற பழைய பெயரை மட்டும் எடுத்து, அதற்குப் பாரி அலன் என்ற புதிய மனிதனைப் படைத்தது. அதிலிருந்தே இத்துறையின் இரண்டாம் வாழ்வு தொடங்கிற்று. ஆயினும் பழைய ஃபிளாஷை வாசகர்கள் மறக்கவில்லை. 1961இல் நிறுவனமே இருவரையும் ஒரே கதையில் சந்திக்கவைத்து, பழையவன் வேறோர் உலகில் வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்று சமாதானம் சொல்லவேண்டியதாயிற்று. புதிய நாயகனை ஏற்ற வாசகன் பழையவனைப் புதைக்க உடன்படவில்லை என்பதை அப்போதே கண்டிருக்கலாம்.

இவ்வாறு உலகங்கள் பெருகிப் பெருகிக் குழப்பம் மிஞ்சியபோது, 1985–86இல் பன்னிரண்டு இதழ்களில் ஒரு பெரும் பிரளயக் கதையை வெளியிட்டு எல்லா உலகங்களையும் ஒன்றாக்கினார்கள். அதனையடுத்து 1986இல் ஜோன் பேர்ன் சுப்பர்மேனின் கதையை ஆறு இதழ்களில் புதிதாக எழுதினார். அவனை வளர்த்த பெற்றோர், அவன் வளர்ந்து ஆளான பின்னரும் உயிரோடிருந்தார்கள். அவனது எதிரியான லெக்ஸ் லூதர் பைத்தியக்கார விஞ்ஞானியாக அன்றி, நகரையே விலைக்கு வாங்கவல்ல வர்த்தகனாக வந்தான். சொல்வதற்குப் புதிதாக ஒன்று இருந்தது. அதனால் அந்த மீள்தொடக்கம் நின்றது.

அதன்பின் இது ஒரு வழக்கமாகிவிட்டது. 1994இல் ஒரு திருத்தம், 2005இல் இன்னொன்று. 2011 செப்டெம்பரில் 52 சஞ்சிகைகள் ஒரே மாதத்தில் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கின. 1938 தொடக்கம் எண்ணப்பட்டு 904ஐ எட்டியிருந்த 'அக்‌ஷன் கொமிக்ஸ்' இதழும் இலக்கம் 1 ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 2016இல், அதே சஞ்சிகை 957 என்ற இலக்கத்தோடு வெளிவந்தது. 2018இல் ஆயிரமாவது இதழ் என்று விழாவும் எடுத்தார்கள். பழைய கணக்கு வேண்டாம் என்றவர்களே, கொண்டாட்டம் என்று வந்ததும் பழைய கணக்கைத் தேடிப்போன கதை இது.

இலக்கம் போனால் மீளும். கதைமாந்தர்களின் வாழ்க்கை அவ்வாறு மீளுவதில்லை. சுப்பர்மேனும் லோயிஸ் லேனும் அறுபது ஆண்டுக் காத்திருப்பின்பின் 1996இல் மணமுடித்தார்கள். 2011இல் அத்திருமணம் நிகழாததாயிற்று. ஸ்பைடர்மேன் 1987இல் மேரி ஜேனை மணந்தான். 2007இல், சுடப்பட்டு உயிருக்குப் போராடிய பெரியம்மாவைக் காப்பாற்ற ஒரு சாத்தானோடு உடன்பாடு செய்து, அந்த மணவாழ்வையே உலகின் நினைவிலிருந்து அழித்துக்கொண்டான். பொறுப்பைப் பற்றியே கதை முழுதும் பேசிய ஒருவன் மனைவியைப் பண்டமாற்றுச் செய்துவிட்டுப் போனதை இன்றுவரை மன்னிக்காத வாசகர்கள் உண்டு.

இவற்றினும் என்னைப் பாதித்தது பார்பரா கோர்டனின் கதை. 'பேட்கேர்ள்' என அறியப்பட்ட அவள் 1988இல் வந்த ஒரு கதையில் சுடப்பட்டு இடுப்பின்கீழ் இயக்கமிழந்தாள். அவளை அத்தோடு விட்டுவிடாமல், சக்கர நாற்காலியில் இருந்தவாறே கணினியின் துணைகொண்டு மற்றெல்லா நாயகர்களுக்கும் தகவல் திரட்டித்தரும் 'ஒராக்கிள்' ஆக வேறு எழுத்தாளர்கள் வளர்த்தெடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவள் அவ்வாறு வாழ்ந்தாள். உடல் இயலாமையோடு வாழும் வாசகர்களுக்குத் தங்களில் ஒருத்தி அந்தப் பறக்கும் கூட்டத்தில் இருந்தாள். 2011இல் அவள் எழுந்து நடந்தாள். மீண்டும் பேட்கேர்ள் ஆனாள். அவளது பழைய உடை திரும்பி வந்தது. அந்த உடையை இழந்து அவள் சம்பாதித்தது போய்விட்டது.

மீள்தொடக்கம் செய்யும் ஆழமான கேடு இதுவே. தொடர்கதையின் உயிர், நடந்தது நடந்ததுதான் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. மரணம் மீளக்கூடியது, மணம் அழியக்கூடியது என்று வாசகன் கண்டுகொண்டபின், அடுத்த மரணத்திற்கு அவன் அழப்போவதில்லை. இது எத்தனை மாதம் செல்லும் என்று மட்டும் கணக்குப் பார்ப்பான்.

பதிப்பாளர் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். எழுபது ஆண்டுக் கதையை அறியாத புதிய வாசகன் எவ்விடத்தில் நுழைவான், அவனுக்கு ஒரு வாசல் வேண்டாமா என்பார்கள். இந்த வாதத்திற்குத் தமிழ் வாசகரிடம் ஓர் அனுபவ பூர்வமான மறுமொழி உண்டு.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி எனப் பிரித்தானியச் சிறுவர் இதழ்களின் நாயகர்கள் எல்லாம் அவ்வழியே எம்மிடம் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கைக்கு அவை ஒழுங்காகக் கிடைத்ததில்லை. கடல் கடந்து, கடை கடந்து, நாலைந்து வீடு கடந்து, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமலும் வந்துசேரும். ஏழாவது கதையைப் படித்த பின்னரே இரண்டாவது கதை கிடைக்கும். எவரும் முதலாம் இலக்கத்திற்காகக் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்ததே வாசல். முன்கதை தெரியாதது ஒரு குறையாக இருக்கவில்லை. அதுவே மேலும் தேடவைத்தது. புதிய வாசகனுக்கு வேண்டியது தன்னளவில் நிறைவான ஒரு நல்ல கதை. அதைக் கொடுக்க இயலாதபோதுதான் இலக்கம் 1 என்ற விளம்பரம் தேவைப்படுகிறது.

அந்த நாயகர்கள் மாறாதிருந்தவர்களும் அல்லர். 1962இல் இங்கிலாந்தில் தோன்றிய இரும்புக்கை மாயாவியான லூயிஸ் கிராண்டல், ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் கையிழந்து எஃகுக் கை பூண்டவன். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர்ந்த உடல் முழுதும் மறைந்துவிடும். தொடக்கத்தில் அந்த ஆற்றலைக் குற்றத்திற்கே பயன்படுத்தினான். பின்னர் திருந்தி, இரகசிய உளவாளியானான். ஸ்பைடரும் குற்றவுலகின் சக்கரவர்த்தியாக வரத் துணிந்தவன். பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடுபவனானான். சுப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகலே ஸ்பைடரின் கதைகளைச் சில காலம் எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. இந்த மாற்றங்கள் எல்லாம் கதைக்குள்ளேயே நடந்தன. மாயாவி குற்றவாளியாக இருந்ததே இல்லை என்று எவரும் திருத்தி எழுதவில்லை. திருந்தியவன் என்பதாலேயே அவன் எமக்கு நெருங்கியவனானான்.

"கம்பன் வான்மீகியின் கதையை மீளச் சொல்லவில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. சொன்னான். ஆனால் வான்மீகி சொன்னது இனிச் செல்லாது என்று அறிவிக்கவில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' அகலிகையை மீண்டும் கல்லாக்குகிறது. பழைய கதை வாசகன் மனத்தில் உயிரோடிருப்பதால்தான் அந்த முடிவு சுடுகிறது. இன்னும் பொருத்தமான உதாரணம் மணிமேகலை. இளங்கோ கோவலனைக் கொன்றுவிட்டார். சாத்தனார் அவனை எழுப்பவில்லை. அவனது மரணத்தால் துறவு பூண்ட மாதவியையும், அவள் பெற்ற மகளையும் எடுத்துக்கொண்டு வேறொரு காப்பியம் செய்தார். ஒருவர் எழுதி முடித்த துயரத்தை இன்னொருவர் மதித்துத் தொடர்ந்ததால் எமக்கு இரட்டைக் காப்பியம் கிடைத்தது.

அதற்காகப் பழையதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று நான் வாதிடவில்லை. தமிழ்ச் சித்திரக்கதை வாசகரிடம் அதற்கு எதிரான நோய் ஒன்று உண்டு. எங்களில் ஒரு பகுதியினர் மாயாவியின் மறுபதிப்பைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. எங்கள் தலைமுறைக்கு ஐம்பது கடந்துவிட்டது. நாங்கள் எங்கள் சிறுபராயத்தை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. அழிப்பது எவ்வளவு பிழையோ, உறையவைப்பதும் அவ்வளவு பிழை.

நடுவே ஒரு வழி உண்டு. லீ ஃபாக் 1936இல் படைத்த பேண்டம் அதைக் காட்டினான். தமிழில் சிலர் வேதாளன் என்றும், ராணி காமிக்ஸ் வாசகர்கள் மாயாவி என்றும் அறிந்த அந்த முகமூடி வீரன் சாகாதவன் என்று காட்டுவாசிகள் நம்புவார்கள். உண்மை வாசகனுக்கு மட்டும் தெரியும்: 1536 தொடக்கம் தந்தைக்குப்பின் மகனாக வந்த இருபத்தோராவது மனிதன் அவன். தந்தை இறப்பார், மகன் முகமூடியை அணிவான், முன்னோர் செய்தவை குகையிலுள்ள ஏடுகளில் எழுதப்பட்டிருக்கும். மரணம் மெய்யானது, ஆனாலும் நாயகன் தொடர்கிறான். 2011இல் மார்வலின் மாற்றுலகக் கதையொன்றில் பீட்டர் பார்க்கர் இறந்தபின் ஸ்பைடர்மேன் உடையை ஏற்ற மைல்ஸ் மொராலெஸும் இந்த வழி வந்தவனே. புத்தளத்துப் பிள்ளைகளும் அவனைத் திரைப்படம் வழியாக அறிவார்கள். பீட்டரை அழித்து அவனைக் கொண்டுவரவில்லை. பீட்டருக்குப் பின் அவன் வந்தான்.

இவ்வளவு தூரம் ஒரு சித்திரக்கதை விவகாரத்திற்காக வாதாடவேண்டுமா என்று கேட்கலாம். நான் இதை எழுதுவது தில்லையடியிலிருந்து. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எமக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தகப் பெட்டியைத் தூக்கிவர எவருக்கும் தோன்றவில்லை. புத்தளம் கரையில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கினோம். புதிய முகவரி, புதிய பாடசாலை, புதிய தொழில். 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னர் இருந்த வாழ்வு நடக்கவில்லை என்று எவரும் சொல்லவில்லை. இங்கு பிறந்த பிள்ளைகளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால், பலர் தாம் சிலமுறையே கண்ட ஊரின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குவது வேறு, முன்னதை அழிப்பது வேறு என்பதை இந்த ஊரில் விளக்கவேண்டியதில்லை.

பதிப்பாளர்களுக்கும் இது சற்று உறைத்திருக்கிறது போலும். 2024 ஜனவரியில் மார்வல் இன்னொரு மாற்றுலக ஸ்பைடர்மேனைத் தொடங்கியபோது, அவன் மேரி ஜேனின் கணவனாகவும் இரு பிள்ளைகளின் தந்தையாகவும் வந்தான். பதினேழு ஆண்டுகளுக்கு முன் பறித்த குடும்பத்தை, மூலக் கதைக்கு வெளியே வைத்தேனும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வாசகர்கள் அதை ஆவலோடு வாங்கினார்கள். மூலக் கதையில் அவன் இன்னமும் தனியன்தான்.