முதல் ஓவரிலேயே முரளியைக் கேட்காதீர்கள்



நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவன் மாவட்ட 17 வயது அணிக்குத் தெரிவானதில் இருந்து பேஸ்புக்கைத் திறந்தால் அவன் முகம்தான். அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். பாலாவிச் சந்தியில் பெனர் கட்டக் காசு சேர்க்கிறார்கள் என்றும் கேள்வி. ஆனால் கீழே வருகிற கொமண்டுகளை வாசிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. "அடுத்த முரளி", "ரெண்டு வருசத்துல நெஷனல் டீம்", "புத்தளத்தின் மானம் உன் கையில்". பிள்ளைக்கு வயது பதினாறு. ஓ/எல் இன்னும் எழுதவில்லை.

இதே பாட்டை நாம் ஏற்கெனவே ஒருவருக்குப் பாடியிருக்கிறோம். யாழ். மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த். 2020 டிசம்பரில், பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, எல்பிஎல்லில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக இறங்கினார். முதல் விக்கெட்டே அஞ்சலோ மெத்யூஸ். அன்றைக்கு இங்கே நடந்ததை நான் மறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து நம் பக்கத்தில் குடியேறிய பெரியவர்கள்கூட "எங்கட யாழ்ப்பாணத்துப் பொடியன்" என்று சொல்லி மகிழ்ந்தார்கள். முப்பது வருசம் கழித்தும் அந்த "எங்கட" போகவில்லை. அந்தப் பாசத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு 2024 ஐபிஎல். காயம்பட்ட வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. மே 8 லக்னோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம்: நான்கு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அவ்வளவு பெரிய மேடையில் ஒரு புதுப் பிள்ளை ஓவருக்கு ஏழுக்கும் குறைவாகக் கொடுப்பது சின்ன விசயமா? ஆனால் நம் வட்சப் குறூப்புகளில் "விக்கெட் எங்கே" என்றுதான் கேட்டார்கள். மொத்தம் மூன்று போட்டி, ஒரு விக்கெட். அதற்குப் பிறகு அந்த குறூப்புகளில் அவர் பெயரையே காணோம். முந்தின மாதம் ப்ரொஃபைல் படம் மாற்றியவர்கள் பழைய படத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

அவர் வீசுவது லெக் ஸ்பின். மணிக்கட்டால் சுழற்றுகிற பந்து. கிரிக்கெட்டில் கைவர அதிக காலம் எடுப்பது அதுதான். பழகும் காலத்தில் அடி வாங்காமல் அதைப் படிக்க முடியாது. ஷேன் வோர்னின் முதல் டெஸ்ட் கணக்கு தெரியுமா? 1992 சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக 150 ஓட்டங்களுக்கு ஒரு விக்கெட். அன்றைக்கு வட்சப் இருந்திருந்தால் அவர் கதை முடிந்திருக்கும். நம்ம ஊர்ப் பிள்ளை வீசுவதும் லெக் ஸ்பின்தான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பேஸ்போல் விளையாட்டுக்கு வருடா வருடம் டிராஃப்ட் நடக்கும். கழகங்கள் பாடசாலை, பல்கலைக்கழக இளைஞர்களை வரிசைப்படி தெரிவு செய்யும். 2013இல் நாட்டிலேயே முதலாவதாகத் தெரிவானவர் மார்க் அப்பல் என்ற பந்து வீச்சாளர். சரியாக வரவில்லை, காயமும் சேர்ந்தது, "பெரிய ஏமாற்றம்" என்று பெயர் வாங்கினார். 2018இல் விளையாட்டையே விட்டார். பிறகு திரும்பி வந்து 2022இல், முப்பது வயதில்தான், பிரதான லீக்கில் முதல் தடவை பந்து வீசினார். அங்கே தெரிவானவர்களில் மிகப் பெரும்பாலானோரைக் கீழ்நிலை லீக்குகளில் வருடக்கணக்கில் ஆடவிட்டுத்தான் மேலே ஏற்றுகிறார்கள். பயிற்சியாளர், வைத்தியர், சம்பளம் எல்லாம் இருந்தும் அவ்வளவு காலம். நம் பிள்ளைக்கு இருப்பது ஒரு மெட்டிங் விக்கெட்டும், லீவு நாளில் வந்து பழக்குகிற ஒரு பழைய மாணவரும். படிகளே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு மாடியில் ஏன் இன்னும் ஆளைக் காணோம் என்று கேட்கிறோம்.

வகுப்பறையில் இருப்பவனுக்கு இதன் மறுபக்கம் தெரியும். சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு மாணவனை ஊர் தலையில் தூக்கி வைத்தது. காற்பந்து. கொழும்புக் கழகம் ஒன்று பார்க்க வந்தது என்றதும் பாடப் புத்தகத்தை மூடிவிட்டான். வாப்பா உப்பு வாய்க்காலில் கூலிக்குப் போகிறவர்; மகன் குடும்பத்தைக் கரை சேர்ப்பான் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல அவரும் நம்பினார். முழங்கால் விட்டது. கழகத்திலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. அவன் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தது காலின் வலியால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சந்தியில் நின்றால் "என்னடா, டீம் என்னாச்சு?" என்று கேட்பார்களே.

பாராட்ட வேண்டாம் என்று யார் சொன்னது? மைதானத்துக்குப் போங்கள், கை தட்டுங்கள். ஆனால் பெனருக்குச் சேர்த்த காசு கையில் இருந்தால், பயிற்சிக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் ஒரு சோடி நல்ல சப்பாத்துக்கும் அதைக் கொடுங்கள். அவன் உம்மாவிடம் "மகன் எப்ப டீவீல வருவான்" என்று கேட்காதீர்கள். இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவன் ஓட்டக் கணக்கை ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடாதீர்கள், நல்ல கணக்காக இருந்தாலும்.

அணியின் முதல் போட்டி அடுத்த வாரம். அவனுக்குப் பந்து கிடைக்குமா என்றே தெரியாது. இன்ஷா அல்லாஹ் நானும் போவேன். திங்கட்கிழமை அவனுக்குக் கணித மீட்டல் வகுப்பு இருக்கிறது. எத்தனை விக்கெட் எடுத்திருந்தாலும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.