பத்து நிமிடத்தின் விலை

கடந்த மாதம் நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு. ஜொகனஸ்பேர்க்கில் வசிக்கும் எனது பல்கலைக்கழகத் தோழர் பேசினார். "மூன்று நாள் மச்சான், வெறும் மூன்று நாள்! வீடு கைவிட்டுப் போய்விட்டது."

வங்கியின் கொடுப்பனவு உத்தரவாதம் வெள்ளிக்கிழமைக்குள் விற்பவரின் சட்டத்தரணியிடம் சேர்ந்திருக்க வேண்டும். வங்கியோ அதைத் திங்கட்கிழமைதான் வழங்கியது. அதற்குள் ஒப்பந்தம் இரத்தாகிவிட்டது, முற்பணமும் திரும்பாது என்று கடிதம் வந்துவிட்டது.

தென்னாபிரிக்காவில் ஆதனம் பதிவான பின்னரே விலைப்பணம் கைமாறுகிறது. அதுவரை விற்பவருக்குள்ள பிடிமானம் இந்த உத்தரவாதம் ஒன்றுதான். ஆகவே அதற்குத் தவணை குறிப்பதில் தவறில்லை. எங்கள் நாட்டைப் போலவே அங்கும் அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். ஒப்பந்தத்தில் இரத்து வாசகம் இல்லையெனில், விற்பவர் முதலில் நியாயமான அவகாசம் கொடுத்து அறிவித்தல் அனுப்ப வேண்டும். வாசகம் இருந்தால் அதில் எழுதியபடியே நடக்கும். நண்பரின் ஒப்பந்தத்தில் வாசகம் இருந்தது, அவகாசம் இருக்கவில்லை.

"ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான்" என்று வாதிடுவோர் எடுத்துக்காட்டும் வழக்கு ஒன்றுண்டு. 1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 30, ஹொங்கொங். 42 இலட்சம் ஹொங்கொங் டொலர் பெறுமதியான மாடிவீடு. மாலை 5 மணிக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். காசோலைகள் 5.10க்கு வந்தன. விற்பவர் ஏற்க மறுத்து ஒப்பந்தத்தை இரத்துச் செய்தார்; 4 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் முற்பணத்தையும் தனதாக்கிக்கொண்டார். 1997இல் இலண்டன் கோமறைக் கழகம் அதைச் சரியென்றது. 1971 வரை எங்கள் மேன்முறையீடுகளும் சென்ற அதே மன்றம். தீர்ப்பை எழுதியவர் ஹொஃப்மன் பிரபு. விலைகள் ஏறியிறங்கும் சந்தையில், இருதரப்புக்கும் தத்தம் நிலை உடனே உறுதியாகத் தெரிய வேண்டும் என்பது அவரது நியாயம்.

அந்த நியாயத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. விற்பவரும் இன்னொரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருக்கலாம். முடிவின்றிக் காத்திருக்கும்படி அவரைக் கேட்பது அநீதி. ஆனால் உறுதி வேண்டும் என்பது ஒன்று. பத்து நிமிடத்துக்குப் பத்து வீதத்தைப் பறிப்பது வேறொன்று. விலை ஏறும் காலத்தில் விற்பவருக்குத் தாமதம் நட்டமல்ல, அதிர்ஷ்டம். கூடுதல் விலைக்கு வேறொருவரிடம் விற்கலாம், முற்பணமும் மிஞ்சும். இதை ஒழுங்கு என்று பெயரிட்டழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவகாசம் கொடுத்தால் வாங்குபவர் விளையாடுவார் என்கிறார்கள். இங்கிலாந்தின் பொதுவான விற்பனை நிபந்தனைகளில், அறிவித்தல் கொடுத்தபின் பத்து வேலைநாட்கள் தரப்படுகின்றன. அங்கே வீட்டுச் சந்தை இடிந்து விழுந்துவிடவில்லை. தென்னாபிரிக்காவிலும் 1962ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நட்டத்துக்கு ஒவ்வாத தண்டத்தைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அந்தக் கதவைத் தட்டவே சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும்.

இதில் யாரும் பேசாத மூன்றாமவர் வங்கி. தாமதித்தது அது. ஒப்பந்தத்தில் அது ஒரு தரப்பல்ல. ஒரு சதமும் இழக்கவில்லை. இழந்தவர், தன் கையில் இல்லாத கடிதமொன்றுக்குத் தவணை சொல்லிக் கையொப்பமிட்டவர்.

புலம்பெயர்ந்த எம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். வங்கி முகாமையாளரின் வாய்ச்சொல் உத்தரவாதமல்ல. கையொப்பமிடுமுன் இரத்து வாசகத்தைத் தேடிப் படியுங்கள். "எழுத்தில் அறிவித்து ஏழு நாட்களின் பின்னரே" என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி கேளுங்கள். நேர்மையாக விற்க விரும்புபவர் அதை மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் வீடு வாங்காதிருப்பதே நல்லது.