தனி டம்ளர் வேண்டாம், பரிசோதனை வேண்டும்

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருப்போம். விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகைக்குச் சிகிச்சை பெற வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். சிவகாசி அரசு மருத்துவமனையில் உறவினர் ஒருவருக்காக அவர் கொடுத்த ரத்தம் அது. தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரியாது. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் தெரிய வந்தது. தெரிந்ததும் அவரே முன்வந்து மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது.

விசாரித்தபோது இன்னொரு செய்தி வெளியானது. அந்த இளைஞர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்ததானம் செய்திருக்கிறார். அப்போதே அவர் ரத்தத்தில் தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த முடிவு அவரிடம் போய்ச் சேரவே இல்லை. இரண்டு ஆண்டுகள் மருந்தில்லாமல், தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் வாழ்ந்திருக்கிறார். உண்மையைத் தானே வந்து சொன்ன அந்தப் பிள்ளை, மனம் உடைந்து விஷம் குடித்து, டிசம்பர் 30 அன்று மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்.

அந்தத் தாய்க்கு உடனே சிகிச்சை தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

ஒரே சம்பவத்தின் இரண்டு பக்கங்கள் இவை. தெரியாமல் இருந்தது ஓர் இளைஞரின் இரண்டு ஆண்டுகளைப் பறித்தது. இன்னொரு உடம்புக்கும் தொற்றைக் கொண்டுபோனது. நேரத்தில் தெரிந்துகொண்டது ஒரு சிசுவைக் காப்பாற்றியது. எச்.ஐ.வி. பற்றி நாம் பேசவேண்டியதன் சாரம் இதுதான்.

இதைத் திருப்பூரில் இருந்து ஏன் எழுதுகிறோம்? தென் மாவட்டங்களில் இருந்தும், இன்று வட மாநிலங்களில் இருந்தும் பிழைப்புத் தேடி வரும் இளைஞர்கள் இறங்கும் ஊர் இது. பனியன் கம்பெனியிலும் சாயப்பட்டறையிலும் நூற்பாலையிலும் வேலை பார்க்கும் நம் மக்கள் ஏராளம். ஊரில் கூலி வேலையும் சாதிக் கொடுமையும் போதும் என்று வந்தவர்கள் அவர்களில் பலர். இருபது வயதில், பெற்றோரையோ மனைவியையோ ஊரில் விட்டுவிட்டு, லைன் வீட்டில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் வாழ்க்கை அது. உடம்பைப் பற்றி யோசிக்க நேரமில்லை. யோசித்தாலும் கேட்க ஆளில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எச்.ஐ.வி. எந்தச் சாதியின் நோயும் அல்ல, எந்தத் தொழிலின் நோயும் அல்ல, வெளியூர்க்காரர்களின் நோயும் அல்ல. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற ஆராய்ச்சி மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று உறுதியானது. பாலியல் தொழிலில் தள்ளப்பட்ட ஏழைப் பெண்களின் ரத்தம் அது. பழி முழுவதையும் அந்தப் பெண்கள் தலையில் ஏற்றி, 'நமக்கில்லை' என்று மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கிருமி அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத குடும்பப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பாதிக்கப்பட்டார்கள். இன்று நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள்.

எச்.ஐ.வி. என்பது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தாக்கும் கிருமி. எய்ட்ஸ் என்பது, சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்தபின் எதிர்ப்புச் சக்தி குலைந்து காசநோய் போன்றவை பிடித்துக்கொள்ளும் கடைசி நிலை. இரண்டும் ஒன்றல்ல. கிருமி உள்ளே நுழைந்தபின் எட்டு, பத்து ஆண்டுகள்கூட எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். ஆளைப் பார்த்து, உடம்பு வாட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்தால்தான் தெரியும்.

பரவும் வழிகள் நான்கு: ஆணுறை இல்லாத உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, தொற்றுள்ள தாயிடமிருந்து கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ குழந்தைக்கு. இவ்வளவுதான். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே கழிப்பறை, கொசுக்கடி, தொட்டுப் பேசுவது, இருமல், தும்மல் எதனாலும் பரவாது. தொற்றுள்ளவர் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தால் பரவாது. அவர் பிசிறு வெட்டிய பனியனை நாம் மடித்தாலும் பரவாது.

பரிசோதனை எங்கே? அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம் அது. கட்டணம் கிடையாது. முதலில் ஆலோசகர் தனியறையில் பேசுவார். வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. அவர் தினமும் கேட்கும் கதைதான் நம்முடையதும். நம் சம்மதம் பெற்ற பிறகே ரத்தம் எடுப்பார்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து முதற்கட்டச் சோதனை செய்கிறார்கள். அதில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அதுவே முடிவல்ல. நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு சோதனைகளில் உறுதியான பிறகுதான் 'தொற்று உண்டு' என்று சொல்வார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிருமி நுழைந்த சில வாரங்கள் வரை சோதனையில் தெரியாமல் போகலாம். போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் சோதித்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். அதுவரை ஆணுறை அவசியம், ரத்ததானம் கூடாது. சோதித்துப் பார்ப்பதற்காக ரத்ததானம் செய்வது மிகப்பெரிய தவறு. சோதிக்க நம்பிக்கை மையம் இருக்கிறது.

தொற்று இருந்தால்? 2004 முதல் அரசு இதற்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. முன்பு எதிர்ப்பு அணுக்கள் குறையும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2017 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. தொற்று உறுதியானால் உடனே மருந்து. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். விடாமல் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்று பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், வேலைக்குப் போகலாம். சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்வரை உண்டு. சிகிச்சை எடுத்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முடியும். கிருமியை உடம்பிலிருந்து முற்றாக ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. 'பூரண குணம்' என்று போஸ்டர் ஒட்டுபவர்களிடம் பணத்தையும் உயிரையும் இழக்காதீர்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் பலர் சோதிக்கப் போவதில்லை? கிருமியைவிட ஊரின் பேச்சுக்குத்தான் பயம். தெரிந்தால் வீட்டில் தனித் தட்டு வைப்பார்கள், தனி டம்ளர் வைப்பார்கள், கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்கு நகர்த்துவார்கள் என்ற பயம்.

அந்த டம்ளர் நமக்குப் புதிதா? கொங்கு மண்ணில் தேநீர்க் கடையில் கொட்டாங்குச்சியில் டீ குடித்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். இரட்டைக் குவளையை எதிர்த்து நின்று அடிபட்டவர்களின் வாரிசுகள். 2018-இல் இதே திருப்பூர் மாவட்டத்தில், அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அவர் கை பட்ட சோற்றைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதாம். அந்தச் செய்தியைப் படித்துக் கொதித்த நாம், நம் வீட்டிலேயே ஒரு பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்தால் அதற்கு என்ன பெயர்? தொட்டால் தீட்டு என்பது பொய் என்று உலகுக்குச் சொல்லும் தகுதி, தொட்டால் தொற்றும் என்ற பொய்யை நம் காலனியில் ஒழித்தால்தான் நமக்கு முழுதாக வரும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. தொற்று இருக்கிறது என்ற காரணத்துக்காக வேலை நீக்கம் செய்வதும், பள்ளியில் இடம் மறுப்பதும், சிகிச்சை மறுப்பதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் சட்டவிரோதப் பாகுபாடு. சம்மதமின்றிச் சோதிக்கவோ, முடிவை வெளியில் சொல்லவோ கூடாது. நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் இதற்கென ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். நம் மாவட்டத்துக் கம்பெனிகளில் எத்தனை பேர் அந்த அலுவலரின் பெயரைத் தகவல் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? தொழிற்சங்கங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குப்பை அள்ளும் வேலையை அருந்ததியர் தலையிலேயே இந்தச் சமூகம் கட்டி வைத்திருக்கிறது. மருத்துவக் கழிவைப் பிரிக்காமல் குப்பையோடு கொட்டினால், அதில் கிடக்கும் ஊசி குத்துவது அவர்கள் கையில்தான். குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுத்திப் பிழியவோ வாயில் வைத்து உறிஞ்சவோ கூடாது. தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொற்று வராமல் தடுக்கும் மருந்து உண்டு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். தொற்று அபாயமுள்ள வேலை நடக்கும் இடங்களில் பாதுகாப்பு உபகரணமும் பயிற்சியும் இந்தத் தடுப்பு மருந்தும் தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லி எந்த ஒப்பந்ததாரரும் கை கழுவ முடியாது.

நம் கோரிக்கைகள் எளியவை. நம்பிக்கை மையம் திறந்திருக்கும் பகல் நேரத்தில் நம் பிள்ளைகள் மிஷினில் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது. எனவே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதிகளில் பரிசோதனை நடக்க வேண்டும். அது சுகாதாரத் துறை நடத்துவதாக இருக்க வேண்டும். முடிவு தொழிலாளியின் கைக்கு மட்டுமே போக வேண்டும், கம்பெனி அலுவலகத்துக்கோ விடுதி வார்டனுக்கோ போகக் கூடாது. இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் ஆலோசகர்கள் வேண்டும். ரத்த வங்கியில் தொற்று தெரிந்தால் அது உரியவருக்கு ரகசியமாக, உறுதியாகப் போய்ச் சேர வேண்டும். சாத்தூர் இன்னொரு முறை நடக்கக் கூடாது.

அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். கல்யாணம் பேசும் முன் இருவரும் ஒன்றாகப் போய்ச் சோதித்துக்கொள்வதைப் பிள்ளைகள் பழக்கமாக்கலாம். கர்ப்பிணிகள் முதல் மாதங்களிலேயே சோதித்துக்கொள்ளலாம். காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எச்.ஐ.வி. சோதனையையும் கேட்டு வாங்கலாம். கல்லூரி மாணவர்கள் தங்கள் காலனியில் பத்துப் பேரை உட்கார வைத்து, மேலே சொன்ன நான்கு வழிகளை மட்டும் விளக்கினால்கூடப் பாதிப் பயம் போய்விடும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

சோதித்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதியோடு, கவனத்தோடு வாழுங்கள். 'உண்டு' என்று வந்தால் அன்றே மருந்தைத் தொடங்குங்கள். உயிர் வாழ வழி இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை நம் வீட்டுக்குத் திரும்பி வந்தால், எல்லோரும் குடிக்கும் அதே டம்ளரில் அவனுக்கும் தண்ணீர் கொடுப்போம். சாத்தூர் இளைஞருக்கு 2016-இல் ஒரு தகவலும், 2018-இல் இப்படி ஒரு டம்ளர் தண்ணீரும் கிடைத்திருக்க வேண்டும்.