பதிவேடு இல்லாத கடைக்குப் புகார் வந்தால்...

பி.காம். சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தலையில் ஏற்றப்படுவது ஒன்றுதான்: எதையும் எழுதி வை, வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது. அப்படி வளர்ந்தவனுக்கு, "நாங்கள் எதையும் எழுதி வைப்பதில்லை" என்பதையே விளம்பரமாக்கி விற்கும் விபிஎன் கம்பெனிகளைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது :-)

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விபிஎன் வழியாகப் போனால் உங்கள் ஐபி முகவரிக்குப் பதிலாக அந்தக் கம்பெனி சர்வரின் முகவரிதான் வெளியே தெரியும். ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரே நேரத்தில் பலர் இருப்பார்கள்.

அதில் ஒருத்தன் யாருடைய தளத்தையோ உடைக்கப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புகார் பெரும்பாலும் அந்த சர்வரை வாடகைக்கு விட்ட ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போகும். "இந்தத் தேதி, இந்த மணி, இந்த முகவரி, யார் அது?" என்று அவர்கள் விபிஎன்காரரைக் கேட்பார்கள். அவர் உண்மையிலேயே பதிவு வைக்காதவர் என்றால் சொல்ல எதுவும் இருக்காது. இப்படியே புகார்கள் குவிந்து ஹோஸ்டிங்காரர் பொறுமை இழந்தால் சர்வரே கைவிட்டுப் போகும்.

அப்போது என்ன செய்வது? ஆளைப் பிடிக்க முடியாது. அதனால் வழியை அடைக்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து.

ஸ்வீடனின் முல்வாட் நல்ல உதாரணம். அங்கே கணக்கு தொடங்கப் பெயரும் வேண்டாம், மின்னஞ்சலும் வேண்டாம். 2023 ஏப்ரல் 18 அன்று கோதன்பர்க் அலுவலகத்துக்கு வாரண்டோடு வந்த போலீஸ் வெறுங்கையோடு திரும்பியது. ஆனால் அடுத்த மாதமே, வெளியிலிருந்து நம் கணினிக்கு நேரடியாக இணைப்பு வர உதவும் போர்ட் பார்வர்டிங் வசதியை நிறுத்தப்போவதாக முல்வாட் அறிவித்தது. சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்தியதால் போலீஸ் விசாரணைகள் வந்தன, முகவரிகள் தடைப் பட்டியலில் ஏறின, ஹோஸ்டிங் ஒப்பந்தங்கள் ரத்தாயின. ஜூனில் ஐவிபிஎன்னும் இதே முடிவை எடுத்தது. தப்புச் செய்தவர்கள் சிலர், வசதியை இழந்ததோ எல்லோரும்.

இது அநியாயம் என்று திட்டியவர்கள் உண்டு. என் கட்சி வேறு. எழுதி வைக்காததற்கு ஒரு விலை உண்டு, அதை எல்லோரும் பகிர்ந்து கொடுக்கிறோம். மாற்று வழி என்ன? எல்லோரையும் எழுதி வைப்பது. 2022 ஏப்ரலில் நம் செர்ட்-இன் அதைத்தான் உத்தரவாகவே போட்டது: விபிஎன் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐபி எல்லாம் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்த ஜூனிலேயே எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டது. ஒருத்தனைப் பிடிக்க லட்சம் பேரை எழுதி வைத்தால், அந்த நோட்டு நாளை யார் கைக்குப் போகும் என்பதற்கு யார் உத்தரவாதம்?

பாதிக்கப்பட்டவர் கதி? என் தங்கைக்கு ஒருவன் இந்த வழியாக மிரட்டல் அனுப்பினால், இதே நிதானத்தோடு எழுதுவேனா? தெரியவில்லை. அவன் மின்னஞ்சல் கணக்கு, பணம் கட்டிய விதம், அவனே செய்யும் தவறுகள் என்று போலீசுக்கு வேறு நூல்கள் இருக்கின்றன. ஆனாலும் சில வழக்குகள் அங்கேயே முட்டி நிற்கும். அதை மறைத்துவிட்டு 'யாருக்கும் நஷ்டமில்லை' என்று பேசுவது பித்தலாட்டம்.

ஆகவே விபிஎன் வாங்கப் போகிறவர்கள், "பதிவு வைக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "புகார் வந்தபோது எதை அடைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.