அத்திப்பட்டு: முதலில் தீர்மானம், பிறகு கையெழுத்து!

அத்திப்பட்டில் 1994-ல் வடசென்னை அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பின்னர் பக்கத்தில் வல்லூர் மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. மின்சாரம் நாடெங்கும் போயிற்று. சாம்பல் எங்கே போயிற்று? கொசஸ்தலை ஆற்றில் போய்ப் படிந்தது! மீனவரின் வலையும் உழைப்பாளியின் நெஞ்சும் அதற்கு விலை கொடுத்தன.

இது பற்றி ஊரார் பேச இடமில்லையா? உண்டு. அதே 1994-ல்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர் என்கிறது அது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களும் சபை நாட்கள். நமது மே தினமும் அதில் ஒன்று!

ஆனால் பல ஊர்களில் நடப்பதென்ன? வந்தவுடன் நோட்டு நீட்டப்படுகிறது; கையெழுத்து வாங்கப்படுகிறது. தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. நாம் பேசியது ஒன்று, நோட்டில் ஏறியது வேறொன்று! வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய வட்டிக்கடைக்காரனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சர்க்காரின் லட்சணத்தையும் பாருங்கள். 2020 அக்டோபர் 2-ல் கொரோனாவைக் காட்டிக் கிராம சபைகளை ரத்து செய்தார்கள். மதுக்கடைகளோ திறந்தே இருந்தன! 2016-லிருந்து 2019 டிசம்பர் வரை பஞ்சாயத்துத் தேர்தலே இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். 2025 ஜனவரியில் திருவள்ளூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் பதவிக் காலம் முடிந்தபோதும் அதே கதை. தலைவருக்குப் பதவிக் காலம் உண்டு. கிராம சபைக்கு இல்லை. அதைக் கலைக்க முடியாது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில்தான் அது இன்னும் அவசியம்.

"பேசினால் நாளைக்கே கேட்டில் நிறுத்தி விடுவான்" என்கிறார் காண்ட்ராக்ட் தொழிலாளி. அந்தப் பயம் நியாயமானதே. தனி ஆளை நிறுத்துவான். இருநூறு பேர் ஒன்றாகக் கை உயர்த்தினால்? 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊரில் சபைக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையே 200தான்!

"தீர்மானம் போட்டு என்ன ஆகும்?" என்று கேட்போர் 2013-ல் ஒரிசாவின் நியம்கிரி மலையில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய சர்க்காரும் அனுமதி மறுத்தது. அங்கே வன உரிமைச் சட்டமும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் துணை நின்றன. நமக்கு அந்த வசதி இல்லை. உண்மைதான். ஆனால் ஒரு சபையாவது பிளவுபட்டிருந்தால் அந்தச் சட்டமும் என்ன செய்திருக்கும்?

எனவே தோழர்களே! ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் மீனவரும் அடுத்த சபைக்குச் சேர்ந்தே செல்வோம். பெண்கள் முன்வரிசையில் அமரட்டும். போன தடவைத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று முதலில் கேட்போம். சாம்பலையும் குடிநீரையும் பற்றிய தீர்மானத்தை நம் கண்ணெதிரே எழுதச் சொல்வோம். உரக்கப் படிக்கச் சொல்வோம். பிறகே கையெழுத்து! நகல் தர மறுத்தால் 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நோட்டு அவர்கள் கையில் இருக்கலாம். கையெழுத்து நம் கையில்!