எட்டு மாதத்துக்கு எதற்கய்யா புதுக் கார்?

காலையில் சேர்ந்து நடப்பவர்கள் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஓய்வு பெற்றவர்கள். அடுத்தவன் பணத்தை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்பது ஆறு பேருக்கும் நன்றாகத் தெரியும். "எட்டு மாசத்துக்கு ஒரு கார் வேணும், பழசா பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று நான் சொன்ன அன்று மற்ற ஐந்து பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ பழைய செருப்பை வாங்கிப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன மாதிரி.

"இந்த வயசுல அடுத்தவன் ஓட்டித் தள்ளின வண்டியா? ஜிஎஸ்டியை வேற குறைச்சுட்டான். எஃப்டியை உடைச்சு புதுசா ஒண்ணு எடுத்துப் போடுய்யா. கூடவா எடுத்துக்கிட்டுப் போகப் போற?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசும்போது பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர்களும் படிப்பார்கள், எனக்குத் தெரியும்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. கதிர்காமத்தில் எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். விடிந்து பார்த்தால் என் பழைய சான்ட்ரோவில் ஸ்டியரிங் வரை தண்ணீர். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் வைத்திருந்தேன். அதில் வெள்ளத்துக்கு ஒரு பைசா கிடையாது. காயலான் கடைக்குப் போனது வண்டி. போகட்டும், இனி எதற்குக் கார் என்று இருந்துவிட்டேன்.

இந்த செப்டம்பரில் வீட்டுக்காரிக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்குவதே அவளுக்கு ஒரு அறுவை. மகன் மஸ்கட்டிலிருந்து அடுத்த ஜூனில் குடும்பத்தோடு வந்துவிடுகிறான். வந்ததும் அவன் தேவைக்கு அவன் கார் வாங்கிக்கொள்வான். எனக்கு 71 வயது. அதற்கப்புறம் நான் ஸ்டியரிங்கைத் தொடுவதாக இல்லை. ஆக, எனக்கு வேண்டியது எட்டு மாதத்துக்கு ஒரு கார். அது புதுசாக ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவரை ஒருவரும் காரணம் சொல்லவில்லை. "நல்லா இருக்கும்" என்கிறார்கள். நல்லாத்தான் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். காப்பீட்டுக்காரர்களுக்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. வண்டி வாங்கி ஆறு மாதம் தாண்டிவிட்டால், ஒரு வருடம் முடிவதற்குள் அதன் மதிப்பில் 15 சதவீதத்தைக் கழித்துவிடுவார்கள். இரண்டு வருடத்துக்குள் 20, ஐந்து வருடத்துக்குள் 50. ஆறு லட்ச ரூபாய் காருக்கு எட்டாவது மாதத்தில் 90,000 போச்சு. சாலை வரி, பதிவுக் கட்டணம், முதல் வருடக் காப்பீடு எல்லாம் அதற்கு மேலே. அதையெல்லாம் ஒருத்தனும் திருப்பித் தர மாட்டான். ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது உண்மைதான், செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் விலை இறங்கியது. ஆனால் புதுசு இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெறும் பணம்தான் கணக்கு என்றால் டாக்ஸிதான் மலிவு. 34 வாரம், வாரம் மூன்று தடவை, போக வர 400 ரூபாய் என்றால் 40,800. அக்டோபர் முதல் வாரம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு அவளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுட்டது. அறுவைக்குப் பிறகு அப்படி வந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே வர வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். போனில் வண்டி தேடினேன், ஒன்றும் வரவில்லை. தெரிந்த ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை, தூங்குகிற மனிதர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எதிர்வீட்டுப் பையனை எழுப்பி அவன் வண்டியில் போனோம். நல்லவேளை, ரத்தக்கட்டு இல்லை. அந்த நாற்பது நிமிடம் வாசல் திண்ணையில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? கார் வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

கௌரவம் பற்றியும் ஒருவர் பேசினார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த ஊரில் 'புஷ்புஷ்' என்று ஒரு வண்டி ஓடியதே, என் அப்பா சொல்லுவார். உட்கார்ந்திருக்கிறவர் கையில் பிடி இருக்கும், அவர் திருப்புவார். பின்னால் ஒரு ஆள் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு போவார். அந்தக் காலத்துக் கௌரவம் அது. இப்போது அந்த இடத்தில் மாதத் தவணை தள்ளுகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தான் ஓட்டுகிற நினைப்பு மட்டும் மாறவில்லை.

"பத்து வருஷம் ஆன வண்டி சட்டப்படி செல்லாதுய்யா" என்றார் இன்னொருவர். டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்ற தடை தலைநகர் வட்டாரத்துக்குப் போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அங்கே பழைய வண்டிக்குப் பங்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள், எழுந்த கூச்சலில் சில நாளிலேயே தள்ளிப்போட்டார்கள். நம் ஊரில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். அதற்கப்புறம் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022-ல் 5,000 ஆக்கினார்கள். 20 வருடம் தாண்டிய காருக்கு இப்போது 10,000. வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அது எப்போது பிறந்தது என்று மட்டும் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நானே 71.

பழசு என்று முடிவானபின் நான் பயந்தது வயதைப் பார்த்து இல்லை, தண்ணீரைப் பார்த்து. ஒரு பழைய கார் யார்டில் 2018 மாடல் ஒன்று. பளபளவென்று, சீட் கவர் புதுசு, உள்ளே மல்லிகை வாசனை. 3,40,000 சொன்னார்கள். முன்பணம் கொடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டுவிட்டேன். கூட வந்த மெக்கானிக் தம்பி, "அய்யா, ஒரு நிமிஷம்" என்று பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உருளைக்குள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு அடி மட்டும் காபி நிறத்தில் இருந்தது. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார், பள்ளத்தின் மூலையில் காய்ந்த வண்டல். முன்சீட்டு ஓடுகிற தண்டவாளத்தில் துரு. மேலே எல்லாம் புதுசு, பெல்ட்டின் கடைசி அடி மட்டும் வெள்ளத்தை மறக்கவில்லை.

அந்த யார்டுக்காரர் முகம் மாறவே இல்லை. "கார்வாஷ் தண்ணியா இருக்கும் சார்" என்றார்.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2015-ல் சென்னை, 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024-ல் நம் ஊர். ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்கா போயின? கழுவி, காயவைத்து, கார்ப்பெட் மாற்றி, ஏதோ ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுகிறார்கள். இன்றைக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து வயரிங் பூத்து, ஏர்பேக்கை இயக்கும் பெட்டியே செத்துப்போயிருக்கும். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாத இடத்தில் நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடிவிடும் என்பது சாரம். 2001-ல் நோபல் கொடுத்தார்கள். நம் மெக்கானிக் தம்பிக்கு நான் கொடுத்தது 500 ரூபாய்.

அடுத்து பார்த்தது ஒரு சொல்தா வீட்டுக் கார். குடும்பம் பிரான்சில், வருடத்தில் இரண்டு மாதம்தான் இங்கே. ஒன்பது வருடத்தில் 14,000 கிலோமீட்டர். நான் துள்ளிக் குதித்தேன். தம்பி சிரித்தார். நின்றே கிடந்த வண்டிக்கு டயர் ஓடாமலே வெடிப்பு விடும், பேட்டரி இறங்கும், ரப்பர் எல்லாம் காயும், எலி வயரைக் கடிக்கும். "ஓடின வண்டிதான் அய்யா நல்ல வண்டி" என்றார். மீட்டரைப் பார்த்து ஏமாறாதே என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மீட்டர் உண்மையே சொன்னாலும் ஏமாறலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்னையில் டிஎன் வண்டி இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை சொன்ன நண்பர் கூடவே ஒரு விஷமும் வைத்தார்: "எட்டு மாசம்தானே, பேரு மாத்தாமலே ஓட்டிட்டு வித்துடு. என்ஓசி, மறுபதிவு எல்லாம் எவன் அலையுறது?" தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். வண்டி கைமாறி, பதிவில் பெயர் மாறாமல் கிடந்து விபத்து நடந்தால் இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவர்தான் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறினாலும் சரி. நாம் விற்று நாலு வருடம் ஆகியிருக்கும், பெயர் மட்டும் நம்முடையதாக இருக்கும். நம் வயதுக்காரர்கள்தான் இதில் மாட்டுகிறோம், வாங்கியவன் நல்ல பையன், அவனே மாற்றிக்கொள்வான் என்று கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்து, பெயர் மாறியதை பரிவாகன் தளத்தில் கண்ணால் பார்க்கும் வரை விடக் கூடாது.

கடைசியில் கதிர்காமத்திலேயே, முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2014 வேகன்ஆர் கிடைத்தது. பிஒய்01 பதிவு, ஒரே கை, 71,000 கிலோமீட்டர், சர்வீஸ் பில் எல்லாம் வரிசையாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். ஃபெஞ்சலின்போது மகள் வீட்டு மாடி பார்க்கிங்கில் நின்ற வண்டி. தனியாள் தனியாளுக்கு விற்பதால் ஜிஎஸ்டி இல்லை. கடைக்காரர் விற்றால்தான் அவர் லாபத்தின் மேல் 18 சதவீதம். ஏன் வேகன்ஆர் என்றால், சீட் உயரம். முழங்காலை மடக்கிக் கீழே இறங்க வேண்டாம், நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். விலை பேசுவதற்கு முன்னால் அவளை அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொன்னேன். "ஏங்க, இது போதும்" என்றாள். அதற்குமேல் பேரம் பேச எனக்கு வலு இல்லை. 2,05,000. நாலு டயர், பேட்டரி, பிரேக், ஆயில், பெட்ரோல் ஹோஸ் என்று 30,000 செலவு. இந்த முறை முழுக் காப்பீடு.

பெட்ரோல் ஹோஸ் எதற்கு என்று கேட்பீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023-க்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்தவை இல்லை. மைலேஜும் கொஞ்சம் குறைகிறது. பழைய வண்டிக்காரனிடம் கேட்டுவிட்டா கலந்தார்கள்?

என்னை எதிர்த்துச் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் எடை உண்டு. சொன்னது என் மருமகள். "மாமா, அதுல ஏர்பேக் இல்லையே." இல்லைதான். ஏபிஎஸ்சும் ஓட்டுநர் ஏர்பேக்கும் 2019-லிருந்துதான் கட்டாயம். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்த ஐந்து இந்தியச் சின்னக் கார்களும் பூஜ்யம் வாங்கின. அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் வாதம் இல்லை. வாக்குக் கொடுத்தேன்: இந்த வண்டி திண்டிவனம் சாலையில் ஏறாது. பிசியோதெரபி, கோயில், மருந்துக்கடை, ராத்திரி அவசரம், அவ்வளவுதான். 40-க்கு மேல் போக மாட்டேன். பெல்ட் போடாமல் அவளும் உட்கார மாட்டாள், அந்தப் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தாயிற்று.

ஜூனில் 1,80,000-க்குப் போனால் எனக்கு நஷ்டம் 55,000, பெட்ரோல் தனி. அதே ஆசிரியரின் பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். எஃப்டி பத்திரமாக இருக்கிறது. நண்பர்கள் ஐவரும் நேற்று காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். புதுசு எடு என்று ரொம்பவும் அடம்பிடித்தவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் மனைவிக்கும் முழங்கால் வலி என்றார். மெக்கானிக் தம்பியின் நம்பர் கேட்டார். கொடுத்திருக்கிறேன்.